ஆணியில் மாட்டிய பச்சைப் படம்

ஓய்வுபெறும் வரை நான் இரத்த வங்கியில் வேலை செய்தேன். காலையில் முதல் வேலை, இரத்த வகை பார்க்கும் மருந்துகளைச் சோதிப்பது. ஏ வகையைக் காட்டும் மருந்து ஏ வகை இரத்தத்தைத் திரளச் செய்தால் மட்டும் போதாது. ஓ வகையில் விட்டால் சும்மா இருக்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைப் பற்றி நான் பேசிய பேச்சில், என் பிரியாவிடை விருந்தில் பாதிப் பேர் பாயசத்துக்கு முன்பே எழுந்து போனார்கள்.

மகள் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு, அதாவது பிஎச்.டி.க்கு, ஆய்வு செய்கிறாள். கருவிலிருக்கும் குழந்தையின் மூளையில் நரம்புக் கலங்கள் தத்தம் இடத்துக்குப் போய்ச்சேர உதவும் ஒரு புரதத்தைப் பற்றி. அதற்கும் டிஸ்லெக்சியாவுக்கும், அதாவது புத்தியில் குறையில்லாத பிள்ளைக்கு வாசிப்பு மட்டும் வராமல் போவதற்கும், தொடர்பு உண்டு என்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை நாங்கள் ‘மக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துத் தேயிலைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டோம்.

அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டவேண்டிய பிறபொருளெதிரியை, அதாவது ஆன்டிபாடியை, ஒளிரும் சாயத்தோடு எலி மூளைச் சீவலில் விடுவார்கள். பச்சை தெரிந்தால் புரதம் இருக்கிறது. மூன்று வருடமாகப் பச்சைப் படங்களாக அனுப்பினாள். பட்டமளிப்புப் படத்துக்கென்று சுவரில் நான் ஆணியும் அடித்துவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் வந்தாள். முகம் சரியில்லை.

“அப்பா, அந்தப் புரதமே இல்லாம பொறந்த எலி இப்பதான் கெடைச்சிச்சு. அதோட மூளையிலயும் போட்டுப் பாத்தேன்.”

“ம்?”

“அதுவும் பச்சையா இருக்கு.”

ஓ வகை திரண்டுவிட்டது. பிறபொருளெதிரி வேறு எதிலோ ஒட்டியிருக்கிறது. மூன்று வருடப் படங்களும் வீண். கட்டுரை அடுத்த வாரம் சஞ்சிகைக்குப் போகவிருந்தது. பட்டமும் அதை நம்பித்தான். அந்த எலியைப் பார்க்கும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. வாய் திறக்காமல் இருந்தால் பட்டம் கையில்.

“யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும். காலைலயே பேராசிரியருக்குப் படத்தோட அனுப்பிட்டேன். கட்டுரைய நிறுத்திட்டாங்க. இன்னும் ஒரு வருசம் போகும்ப்பா. கோவமா?”

“ரெண்டு தரம் செஞ்சு பாத்தியா?”

“மூணு தரம்.”

“சாயத்த மட்டும் தனியா?”

“அதுவும். அது சும்மாதான் இருந்திச்சு. ஒங்களுக்கு ஆறுதலே சொல்ல வராதாப்பா?” என்று சிரித்துவிட்டாள்.

வராது. விருந்தில் இவளும்தான் இருந்தாள். கடைசி வரை எழுந்து போகவில்லை.

மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே நிறுத்தினார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர்.

“லேப் ஐயா, மக டாக்டராயிட்டாங்களா?”

“இல்லீங்க. மூணு வருச வேலை பிழைன்னு அவளே கண்டுபிடிச்சிட்டா.”

“அடக் கடவுளே! இத ஏங்க சிரிச்சிக்கிட்டே சொல்றீங்க?”

மறுநாள் ஹாலிஎல டவுனுக்குப் போய், புரதமில்லாத எலியின் அந்தப் பச்சைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டேன். கடைக்காரப் பெண், “பாசிங்களா ஐயா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து அதை ஆணியில் மாட்டினேன். பட்டமளிப்புப் படம் வரும்போது வேறோர் ஆணி அடித்துக்கொள்ளலாம். சுவரில் இடம் இருக்கிறது.