தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர்

இந்த வருடம் மழை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் கோலி மீனவர்கள் குடியிருக்கும் கோலிவாடாவிலிருந்து ஒரு வாலிபர் என் கடைக்கு வந்தார். மீன்பிடிப் படகைக் கரையேற்றியாகிவிட்டது, மழை முடிகிற வரைக்கும் அதன் பேட்டரியை எந்த சார்ஜரில் போட்டு வைக்கலாம் என்று கேட்டார். இப்போதெல்லாம் இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. தானாக நிறைத்து, தானாக நிறுத்தி, குறைந்தால் தானாகவே மறுபடி தொடங்குகிற சார்ஜர் வந்துவிட்டது. அதையே எடுத்துக் கொடுத்தேன். அவர் படியிறங்கிய பிறகு, அதிகம் பேசாதவனான நான் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, தார்ப்பாயில் தேங்கும் தண்ணீரை மட்டும் பேட்டரியில் ஊற்றிவிட வேண்டாம் என்று சொன்னேன். அப்படியும் யாராவது செய்வார்களா என்று சிரித்துக்கொண்டே போனார். செய்த ஆள்தான் எதிரே நிற்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. தாராவியில் இதே இடத்தில் அப்பா பேட்டரிக் கடை வைத்திருந்தார். அம்மாவின் தம்பியான மாமா ஊரிலிருந்து வந்து அவருக்கு உதவியாக இருந்தார். கடைக்கு ஒரு பழைய டெம்போ உண்டு. கூரை துருப்பிடித்து, ஒரு பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும். ஆனால் சாவியைத் திருப்பினால் ஒரே உறுமலில் கிளம்பும். பேட்டரிக்காரன் வண்டி வேறு எப்படிக் கிளம்பும் என்பார் அப்பா. அவர் பெருமையடித்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் தெருவில் மீன் விற்க வரும் கோலி அம்மாளை நாங்கள் மாவ்ஷி என்று கூப்பிடுவோம். மராத்தியில் சித்தி என்று பொருள். பத்துப் பதினைந்து வருடம் எங்கள் ஆட்களுக்கு மீன் விற்றதில் தமிழ் நன்றாகவே வரும், மரியாதை மட்டும் வராது. மே மாதத்தில் ஒரு நாள் அவர் கூடையைக் கடை வாசலில் இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, நீ கேளு. போன வருஷம் நாரளி பௌர்ணமிக்கு எல்லா போட்டும் போச்சு, எங்க போட் மட்டும் நின்னுச்சு. பேட்டரி கலாஸ். சப் லோக் சிரிச்சான். இந்த வருஷமும் நின்னா எங்க ஆளுங்க எல்லாம் வேற போட்டுக்குப் போயிடுவேன்னு சொல்றான். ஆள் இல்லேன்னா நானும் என் நவ்ராவும் ரெண்டு பேரா வலை இழுக்கிறது?"

கலாஸ் என்றால் தீர்ந்தது, சப் லோக் என்றால் எல்லாரும், நவ்ரா என்றால் புருஷன். நாரளி பௌர்ணமி அன்று கடலுக்குத் தேங்காய் கொடுத்துவிட்டுத்தான் கோலிகள் அந்த வருடத்துக்குப் படகை எடுப்பார்கள். அன்று கரையில் நிற்கிற படகு ஊர் வாயில் விழும்.

மாமா உடனே வழி சொன்னார். "பேட்டரி போட்லயே கெடக்கட்டும் அத்தான். வீட்டுலருந்து வயர் இழுத்து, சார்ஜர மாட்டி விட்டுருவோம். மழைக்காலம் பூரா ஓடட்டும்."

"அடுப்புல பால வச்சிட்டு ஊருக்குப் போன மாதிரி ஆயிரும் மாப்ள. தண்ணி பூரா வத்தி பிளேட் காஞ்சிரும். மழையில வயர் கெடந்தா மீனுக்குப் பதிலா மனுசன்லா மாட்டுவான்," என்றார் அப்பா.

லேமிங்டன் ரோட்டுக் கடைகளில் தானாக நிற்கிற சார்ஜர் ஒன்று வந்திருக்கிறது என்றார் மாமா. மழை நாளில் கோலிவாடாவில் கரண்ட் இருபது தடவை போய் வரும், அதில் அந்த மெஷினே முதலில் நின்றுவிடும் என்றார் அப்பா. வாராவாரம் பேட்டரியைக் கடைக்குத் தூக்கி வரலாம் என்றால், முழங்கால் தண்ணீரில் அதைச் சுமப்பது யார்? மாவ்ஷி இரண்டு பேரையும் கையமர்த்தினார்.

"அதெல்லாம் எனக்கு வேணாம். நான் கண்ணால பார்த்தா எனக்குத் தெரியணும், நல்லா இருக்கா இல்லையான்னு. அந்த மாதிரி குடு."

அப்பா சிறிது யோசித்து, சின்ன சார்ஜர் ஒன்றை எடுத்து அதன் வயரில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கோத்தார். பேட்டரியைப் படகிலிருந்து கழற்றி வீட்டுக்குள் பலகைமேல் வைப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சார்ஜ் போடுவது, தண்ணீர் குறைந்தால் ஊற்றுவது என்று ஏற்பாடு. "பசிச்சா பல்பு முழிச்சிக்கிட்டு கெடக்கும். வயிறு நெறஞ்சா கண்ண மூடிரும். அப்ப நிறுத்திரணும்," என்றார். மாவ்ஷிக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. நம் டெம்போவில் கிடக்கும் அதே சைஸ் பேட்டரிதான், ஒன்றும் ஆகாது என்று அப்பா தைரியமும் சொன்னார்.

ஞாயிறுதோறும் போய்ப் பார்க்க வேண்டியவர் மாமா. துணைக்கு நான். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனோம். மூன்றாவது வாரம் தாதரில் மேட்னி ஷோ குறுக்கே வந்தது. "நீயே ஊத்திட்டு வந்திரு. ஏல, ஒனக்குத் தெரியாததா?" என்று தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு மாமா ரயிலேறிவிட்டார்.

எனக்கு வேலை தெரியும், பேசத்தான் தெரியாது. புது ஆட்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாவ்ஷி எனக்கு முக்யா என்று பெயர் வைத்திருந்தார், ஊமை என்று அர்த்தம். "ஏ முக்யா, ஆலாஸ் கா? வா, வா, பொம்பில் மீன் சாப்பிடு," என்று தட்டை நீட்டுவார். அதை வாங்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆகும்.

அன்று வாசலிலேயே வழுக்கி விழுந்தேன். பாட்டில் உடைந்து தண்ணீர் மண்ணில் போயிற்று. உள்ளே போய், பாட்டில் உடைந்துவிட்டது, கடைக்குப் போய் வேறு எடுத்து வருகிறேன் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்த இரண்டு வார்த்தைதான் வரவில்லை. வாசலை ஒட்டி அவர்கள் படகு நின்றது. அதன்மேல் மூடிய தார்ப்பாய் நடுவில் தொய்ந்து, குளம்போல மழைநீர் தேங்கியிருந்தது. கடையில் அப்பாவும் மழைத் தண்ணீர்தான் பிடிப்பார். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு சுத்தமான பிளாஸ்டிக் விரித்து, கண்ணாடி ஜாடியில் சேர்த்து வைத்து பேட்டரிக்கு ஊற்றுவார். அதுவும் வானத்துத் தண்ணீர், இதுவும் வானத்துத் தண்ணீர். ஒரு டப்பாவில் மொண்டு ஆறு துளையிலும் ஊற்றினேன்.

அந்தத் தார்ப்பாயில்தான் கோடை முழுவதும் உப்பு தடவிய மீனைக் காயப் போட்டிருந்தார்கள் என்பது என் நினைவுக்கு வரவில்லை. உப்பு இறங்கிய பேட்டரி அதன்பிறகு தேறாது என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு பல்பு கண்ணை மூடவில்லை. காலையில் எப்படி எரிந்ததோ அப்படியே மாலையிலும் எரிந்தது. தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரின் வாசனை பேட்டரியிலிருந்து வந்தது. மாவ்ஷி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் பசியா இவனுக்கு? என் பையன் மாதிரியே இருக்கான்," என்றார். நான் சிரிக்க முயன்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நாரளி பௌர்ணமிக்கு ஒரு மாதமே இருந்தது. ராத்திரி கண்ணை மூடினாலும் எனக்கு அந்த பல்பு எரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா என் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"ஏல, என்ன தண்ணி ஊத்துன?"

"பாட்டில் தண்ணிதான்."

அப்பா சட்டையை விட்டுவிட்டு என் தட்டை எடுத்து வைத்தார். பிறகு, "சரி, சாப்புடு," என்றார்.

இரண்டு நாள் கழித்து டெம்போவில் போய் அந்த பேட்டரியைக் கடைக்கு எடுத்து வந்தார். நாரளிக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று மாவ்ஷியிடம் சொன்னாராம். அன்று மாலை அம்மாவுக்குக் காபித்தூள் வேண்டும் என்று என்னையும் மாமாவையும் மாட்டுங்காவுக்கு அனுப்பினார். நாங்கள் திரும்பியபோது வேலை முடிந்துவிட்டது. மாவ்ஷி வீட்டார் கைப்பிடிக்குக் கட்டியிருந்த பச்சை வலைக்கயிற்றோடு பேட்டரி பளபளவென்று நின்றது. "கழுவிட்டேன். சரியாயிட்டு," என்றார் அப்பா.

அந்த ஞாயிறு நான் கும்பிடாத சாமி இல்லை. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரத்தில் பல்பு மெல்ல மங்கி, சிவந்து, கண்ணை மூடியது. "பகா, பாரு! தூங்கிட்டான்!" என்று மாவ்ஷி கை தட்டினார். பேட்டரியையும் கழுவிச் சரிசெய்யலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனிடமும் சொன்னேன்.

நாரளி பௌர்ணமி அன்று மாலை எல்லாரும் கரைக்குப் போனோம். படகுக்கு மாலை, கொடி, புது வண்ணம். கடலுக்குத் தேங்காய் கொடுத்தார்கள். மாவ்ஷியின் புருஷன் சாவியில் கை வைத்ததும் அவருடைய ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. மாவ்ஷி அழுதுகொண்டே வந்து, தேங்காய் போட்ட இனிப்புச் சோற்றை அள்ளி முதலில் என் வாயில் வைத்தார். "முக்யாதான் பார்த்துக்கிட்டான்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அப்பா மறுக்கவில்லை.

எங்கள் டெம்போதான் திடீரென்று கெட்டுப் போயிற்று. பேட்டரியைக் கழுவிய மறுநாள் காலையிலிருந்து சாவியைத் திருப்பினால் முனகும், அவ்வளவுதான். தினமும் நானும் மாமாவும் தள்ள வேண்டும்.

"ஊரு பேட்டரிக்கெல்லாம் வைத்தியம் பாக்கீரு, உம்ம வண்டி இப்பிடிக் கெடக்கே அத்தான்," என்பார் மாமா.

"தள்ளுங்கவே, ஒடம்புக்கு நல்லது."

எனக்கும் சிரிப்பாக இருக்கும். அப்பாவுக்குத் தன் வண்டியைக் கவனிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பின்னால் நின்று தள்ளும்போது உள்ளேயிருந்து லேசாக பிளீச்சிங் பவுடர் வாசனை வரும். முனிசிபாலிட்டிக்காரர்கள் சாக்கடையில் போட்டிருப்பார்கள் என்று மூக்கைப் பொத்திக்கொள்வேன். எஞ்சின் பிடித்ததும் மாமா கை தட்டுவார், நான் குதிப்பேன். அப்பா வண்டியை உடனே எடுக்காமல் பக்கக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்து, நான் ஓரமாக விலகி நின்றுகொள்வேன்.