மேலே போன ஆயில்

எனக்கும் என் கணவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு சண்டைதான். எஞ்சினுக்குள் இருப்பதை நான் நம்புவேன். வெளியே இருப்பதை அவர் நம்புவார்.

நான் மெக்கானிக். குன்னூரில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருடம் எஞ்சின் இறக்கி ஏற்றியவள். கல்யாணத்துக்குப் பிறகு கூடலூர்ப் பக்கம் வந்து, வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். பொம்பளை மெக்கானிக்கா என்று வாயைப் பிளந்தவர்கள் வண்டியை நான் தொடுவதில்லை. அவர்கள் கூடலூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவேன். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். ஓவேலி மேட்டில் பஸ் போகாத எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற ஜீப்.

அந்த ஜீப்பின் பழைய எஞ்சின் உயிரை விட்டபோது, ஒரு சின்னக் காரின் எஞ்சினை எடுத்து நான்தான் அதில் வைத்தேன். காரில் அது குறுக்காக உட்கார்ந்திருந்தது. ஜீப்பில் நெடுக்காக உட்கார வைத்தேன். கிளப்பியதும் ஓடியது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஏற்றத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எஞ்சினின் தலையான சிலிண்டர் ஹெட்டில், வால்வுகளை இயக்குகிற கேம் ஷாஃப்ட் வறண்டு, கீறல் விழுந்து கிடந்தது. மேட்டில் சூடேறி மெதுவாக முக்கிக்கொண்டு ஏறும்போது, ஆயில் ஹெட் வரைக்கும் போய்ச் சேரவில்லை. கீழே பிளாக்கிலிருந்து ஹெட்டின் பின்பக்கத்துக்கு வெளியாகவே ஒரு தனிக் குழாய் போட்டுக் கொடுத்தேன். சத்தம் அன்றைக்கே நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி அந்தக் குழாயைக் காட்டினேன்.

மேட்டில் முக்கால்வாசி ஏறியதும் ஒரு வளைவில் முனியப்பன் இருக்கிறார். ஒரு கல், ஒரு வேல், ஒரு மண் விளக்கு. எங்கள் பக்கத்து டிரைவர்கள் யாரும் அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றாமல் கடைசி ஏற்றத்தில் வண்டியை விடமாட்டார்கள். என் கணவர் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு நல்லெண்ணெய் பாட்டில் இருக்கும். அந்த மேட்டில் சமதரையும் போன் சிக்னலும் கிடைக்கிற ஒரே இடமும் அதுதான். அதனால் ஆயில் அளவு பார்ப்பதும் வீட்டுக்குப் போன் செய்வதும் அங்கேதான்.

குழாய் போட்டு இரண்டாவது வாரம், அவர் திரும்பி வந்து ஜீப்பை விட்டு இறங்காமலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்முணி, முனியப்பன்கிட்டப் போனதும் ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சுது. அளவுக் குச்சிய உருவிப் பாத்தா நுனிலகூட ஆயில் இல்ல. பின்னால வந்த ஜீப்புல அரை லிட்டர் வாங்கி ஊத்திட்டுத்தான் ஏறுனேன்."

நான் குச்சியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் மேலே நின்றது ஆயில்.

"தூக்கத்துல பாத்தீங்களா?" என்றேன்.

மறுநாளும் அதே வளைவில் அதே சிவப்பு லைட். அங்கே குச்சி காய்ந்திருந்தது. கீழே வந்தால் நிறைந்திருந்தது. பட்டறைத் தரையில் செய்தித்தாள் விரித்து மேலே ஜீப்பை நிறுத்தினேன். காலையில் ஒரு சொட்டு இல்லை. புகையில் நீலம் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் மிதக்கவில்லை. ஒழுகியிருந்தால் எனக்குப் புரியும். எரிந்து போயிருந்தாலும் புரியும். காணாமல் போய்விட்டுத் திரும்பி வருகிற ஆயிலை நான் அதுவரை பார்த்ததில்லை.

"முனி குடிக்குது," என்றார்.

"குடிச்சுப்போட்டுத் திருப்பி வெச்சுட்டுப் போகுதாக்கும்?"

"அதுதான் அம்முணி எனக்கு பயமா இருக்குது."

நான் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானம் பட்டறையில் தனியாக நிற்கும்போது அந்த ஜீப்பின் பானெட்டைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் கையால் வைத்த எஞ்சின். அதற்குள் எனக்குத் தெரியாத ஒன்று போய் வருகிறது என்ற நினைப்பு, முதுகில் ஈரத்துணி பட்டதுபோல இருந்தது. அந்த பயத்தை நான் அவர் மேல் எரிச்சலாகக் கொட்டினேன்.

"இனி அந்த லைட்டு எரிஞ்சா அந்த நொடியே எஞ்சின ஆஃப் பண்ணோணும். முனி, கினின்னு நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க, எஞ்சின் ஜாம் ஆயிரும். புரிஞ்சுதா? எது வந்தாலும் மொதல்ல ஆஃப்."

"சரீங்க மேடம்," என்றார்.

அவர் மேலே ஊற்றுவதும் கீழே நான் வடிப்பதுமாக இன்னும் சில நாள் போனது. ஒரு நாள் மத்தியானம், பேச்சு முற்றிய கோபத்தில், அளவுக்கு மேலேயே வடித்துவிட்டேன். சரி செய்ய ஒரு லிட்டர் கேனை மேஜையில் எடுத்து வைத்தேன். அதற்குள் அவர் ஜீப்பைக் கிளப்பிவிட்டார். லைனிலிருந்து ஆட்களை ஏற்றப் போகிற நேரம். "கேன எடுத்துக்குங்க. முனியப்பன்கிட்ட நிறுத்தி ஊத்திக்குங்க," என்று கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அரைமணி கழித்துப் போன் வந்தது. வளைவுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, ஊத்தியாச்சுங்களா?" என்றேன்.

"ஊத்தியாச்சு அம்முணி. இன்னைக்கு நெறையவே ஊத்தியாச்சு."

மனசு லேசானது. கோபமும் கொஞ்சம் இறங்கியது. கை கழுவலாம் என்று திரும்பினேன்.

கேன் மேஜையில் இருந்தது. மூடி திறக்காமல், நான் வைத்த இடத்திலேயே.

அப்படியானால் அவர் எதை ஊற்றினார்? ஒரு நொடி, யாரோ அவர் குரலில் பேசினார்கள் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. கேனைப் பற்றிக் கத்தியது எஞ்சின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை, என் சண்டைக்குப் பரிகாரமாக முனியப்பன் விளக்கை நிறைத்திருக்கிறார். எஞ்சினுக்கு ஊற்றுவதை நாங்கள் ஆயில் என்போம், விளக்குக்கு ஊற்றுவதை எண்ணெய் என்போம். நான் இரண்டையும் சொல்லவில்லை. வெறுமனே ஊத்தியாச்சா என்றேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியான சம்ப்பில் பாதிகூட ஆயில் இல்லாமல் அவர் கடைசி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை.

அந்தக் கடைசி ஏற்றத்தில்தான் அந்த மாதம் முழுக்க ஒற்றை ஆனை நின்றுகொண்டிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் பின்னால் எடுத்துவிடலாம். நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

கேனை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போனேன். பாதி மேட்டில் மிஸ்ட் இறங்கிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்குத் தேயிலைச் செடி இரண்டு வரிசைக்கு மேல் தெரியவில்லை. முனியப்பன் வளைவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளிம்பு வரைக்கும் எண்ணெய். ஜீப் இல்லை. அதற்கு மேல் ஸ்கூட்டர் இழுக்காது. அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தேன்.

நூறு அடி தள்ளி ஜீப் மேட்டைப் பார்த்து நின்றது. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. சாவி தொங்கியது. பின்னால் எட்டிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. வாய் திறந்து கூப்பிடலாம் என்று மூச்சை இழுத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட். கொஞ்சம் பொறுத்து, சொட்.

எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது. சூடான பானெட்டின்மேல் காதை வைத்தேன். ஆஃப் பண்ணிய எஞ்சினுக்குள்ளே, மேலே எங்கிருந்தோ, ஆயில் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. சம்ப் காலி என்று நினைத்தேனே, பிறகு மேலே எது சொட்டுகிறது? ஹெட். ஆயில் முழுக்க ஹெட்டுக்குள் நின்றிருக்கிறது. தனிக் குழாய் போட்டு மேலே அனுப்பிய நான், அது கீழே திரும்பி வரும் வழியைப் பார்க்கவே இல்லை. திரும்புகிற பெரிய துளைகள் ஹெட்டின் முன்பக்கம். நெடுக்காக வைத்த எஞ்சின் மேட்டில் மூக்கைத் தூக்கினால் ஆயில் பின்பக்கம் தேங்கும். அங்கே இருப்பது ஒரே ஒரு பொடித் துளை. ஏறும்போது மேலே சிறைப்பட்டு, வண்டி நின்றால் சொட்டுச் சொட்டாக இறங்கி வருகிறது. இத்தனை நாளும் குடித்தது நான் போட்ட குழாய்தான்.

அப்போது கீழேயிருந்து ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது.

கத்த வந்ததைக் கையால் வாயைப் பொத்தி அடக்கினேன்.

"பேசாத அம்முணி." ஜீப்புக்கு அடியிலிருந்து அவர் குரல். "முன்னால நிக்குது."

பார்த்தேன். முன்னால் மிஸ்ட்தான். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அது கூடுதலாகக் கறுத்திருந்தது. பெரிதாக மூச்சு விடும் சத்தம். பச்சைத் தழையும் சாணியும் கலந்த வாடை. அந்தக் கறுப்பு ஓர் அடி முன்னால் வந்தது. பின்னால் வளைவு, வளைவுக்குக் கீழே பள்ளம். எஞ்சின் இல்லாமல் அந்த மிஸ்ட்டில் ஜீப்பைப் பின்னால் உருட்டினால் பள்ளத்தில்தான் போய் நிற்கும்.

கேனைத் திறந்தேன். பானெட்டை விரலளவு விரலளவாகத் தூக்கி, மூடியைத் திருகி எடுத்து, ஒரு லிட்டரையும் ஊற்றினேன். குபுகுபு என்று அது இறங்கிய சத்தம் மலை முழுக்கக் கேட்டிருக்கும் என்று பட்டது. கறுப்பு இன்னும் ஓர் அடி வந்தது. அவர் அடியிலிருந்து உருண்டு வந்து சீட்டில் ஏறினார். நான் பக்கத்தில் ஏறினேன்.

"லைட்டு எரியுமே," என்றார் உதட்டசைவில்.

"எரியாது. கிளப்புங்க."

சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. ரிவர்ஸ் போட்டு, ஒரு அடி பிசகாமல், வளைவு வரைக்கும் பின்னாலேயே கொண்டுவந்தார். அந்தக் கறுப்பு அங்கேயே நின்றது. அது நின்ற இடத்தைத் தாண்டி நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

முனியப்பன் முன்னால் ஜீப்பைத் திருப்பினார். விளக்கு அணைந்திருந்தது. அணைந்ததில் ஆச்சரியமில்லை, காற்று இருந்தது. ஆனால் கிண்ணம் காய்ந்து கிடந்தது. கால்மணி நேரத்துக்கு முன்னால் விளிம்பு தளும்ப எண்ணெய் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன், பிசுக்குக்கூட இல்லை. எஞ்சினைப் பட்டறையில் சரிசெய்து, ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து சம்ப்புக்கு இப்போது கட்டைவிரல் தடிமனில் திரும்பு குழாய் போட்டுவிட்டேன். மேலே போகிற குழாயின் வாயையும் சுருக்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஜீப்பில் அந்தச் சிவப்பு லைட் எரியவில்லை. அந்தக் கிண்ணத்துக்கு மட்டும் என்னிடம் காரணம் இல்லை.

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் கீழே பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. நடுக்கம் நின்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஆனையப் பாத்தீங்கல்ல? பின்னால எடுத்துட்டு வரவேண்டியதுதான? எதுக்கு அந்த எடத்துல போய் ஆஃப் பண்ணுனீங்க?"

"எடுத்தேன் அம்முணி. ஆனையப் பாத்ததும் ரிவர்ஸ் போட்டேன்." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அப்பத்தான் லைட்டு எரிஞ்சுது."

"அதனால?"

"எது வந்தாலும் மொதல்ல ஆஃப்புன்னு நீதான சொன்ன."

நான் அழுதேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தார். அதில் நல்லெண்ணெய் வாசனை அடித்தது.