இரண்டு மில்லிசெகண்ட்

மணிமொழிக்கு யாரையும் நம்பித் தொலைக்கிற பழக்கம் கிடையாது. கண்டக்டர் "கள்ளக்குறிச்சி எறங்கு" என்று கத்தினால்கூட, ஜன்னலில் எட்டிப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் சீட்டை விட்டு எழுவாள். வடக்கனந்தலிலிருந்து தினமும் அங்கே வந்து ஓர் இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் குணத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

ஆபீஸ் ஸ்விட்ச், அதாவது இன்டர்நெட்டைப் பிரித்தனுப்பும் பெட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊரின் ஸ்விட்சுக்கும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பும். பதில் வந்ததா, வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று குறித்துக்கொள்ளும். மனுஷர் வாயைவிட இதுவே மேல் என்பது அவள் கட்சி.

ஆடிக் காற்று சுழற்றியடித்த ஒரு காலையில் கல்வராயன் மலை லைன்மேன் வேடியப்பன் போன் செய்தார்.

"மேடம், காத்துல ஆன்டெனா திரும்பிக்கிச்சிங்க. மேல எங்கியும் நெட் இல்ல. ஆஸ்பத்திரி நர்சம்மா திட்டிக்கினே கீறாங்க. ஒண்டியா ஏற முடியாது, ஒரு ஆள அனுப்புங்க."

மணிமொழி திரையைப் பார்த்தாள். மலை ஸ்விட்சிடமிருந்து ஒரு பதில்கூடத் தவறவில்லை.

"இன்னாண்ணே கதை வுடுறீங்க? இங்க எல்லாம் நல்லாத்தான காட்டுது."

அடுத்த மூன்று நாளும் அதே போன், அதே பதில். வேலைக்கு டிமிக்கி கொடுக்க நர்சும் அவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினாள். மேனேஜர் காசிநாதன் விசாரித்தபோது, லைன்மேன் பொய் சொல்கிறார் என்று எழுதியே கொடுத்தாள். அன்றே வேடியப்பனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் புது லைன்மேன் பேசினார். "ஆன்டெனா திரும்பிக்கினு கீதுங்க மேடம்."

அப்போதுதான் பழைய கணக்கைப் புரட்டினாள். மலையிலிருந்து பதில் வர எப்போதும் ஒன்பது மில்லிசெகண்ட் ஆகும். காற்றடித்த நாளிலிருந்து இரண்டுதான். மலை என்ன, கிட்டே நகர்ந்தா வந்துவிட்டது? இல்லை, வழியில் கிட்டே இருக்கிற வேறு எதுவோ பதில் சொல்கிறது.

அடிவாரத்தில், கச்சிராயப்பாளையத்தில் இருந்த கம்பெனி அறைக்கு ஓடினாள். அங்கே ஒரு ஸ்பேர் ஸ்விட்ச் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இடி விழுந்தால் உடனே மாற்ற உதவும் என்று, மலை ஸ்விட்சின் முகவரியோடு சகலத்தையும் அதில் ஏற்றியவள் அவள்தான். சோதித்துப் பார்த்துவிட்டு வயரைப் பிடுங்க மறந்தவளும் அவள்தான். மலை பேச்சற்றுப் போனதும், அதே முகவரியில் இது பதில் சொல்லியிருக்கிறது.

எல்லோரையும் சந்தேகப்பட்டவள், தன் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஆன்டெனாவைச் சரிசெய்ய ஆள் அனுப்பிவிட்டு வேடியப்பனுக்குப் போன் போட்டாள். அவர் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தார்.

"அண்ணே, தப்பு என்னுதுதான். சார்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். வேலைக்கு வந்துடுங்கண்ணே."

வேடியப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பக்கத்துல யாருங்க இருக்காங்க?"

"யாரும் இல்லண்ணே."

"பேசறத பதிவு கிதிவு பண்றீங்களா?"

"சத்தியமா இல்லண்ணே."

"நம்புற மாதிரி இல்லீங்களே மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.