இரண்டாகப் பிரிந்த குடில்

பல்செட்டு செய்வது அவளுடைய தொழில். டாக்டர்கள் அனுப்பும் ஈறு அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு கட்டி, பல் பதித்துக் கொடுப்பாள். லேப்பில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கணவன் வீட்டில் மரத்தில் செதுக்கிய கிறிஸ்துமஸ் குடில் ஒன்று மூன்று தலைமுறையாக இருந்தது. கிறிஸ்துமஸ் காலையில் குடும்பத்தில் மூத்தவர் அதன்முன் நின்று இயேசு பிறந்த பகுதியை வாசிப்பார். பிறகுதான் யாரும் வாயில் எதையும் வைப்பார்கள். கணவனும் அவன் அண்ணனும் உறவை முறித்துக்கொண்ட வருடம் குடிலும் பங்கானது. மேய்ப்பர்களும் ராஜாக்களும் அண்ணன் வீட்டுக்குப் போக, மரியாளும் யோசேப்பும் குழந்தையும் தம்பி வீட்டில் தங்கினார்கள்.

கணவன் இறந்த பிறகும் அவள் குடிலை விடவில்லை. குழந்தையைப் பார்க்க யாருமே வரமாட்டார்களா என்று மகள் கேட்டதற்காக, மீந்த பிளாஸ்டரில் நாலு மேய்ப்பர்களைச் செய்து வைத்தாள். கைப்பழக்கம், நாலு பேர் மூக்கும் கடைவாய்ப் பல் மாதிரியே வந்துவிட்டது.

இந்த டிசம்பரில் ஓர் அச்சு வந்தது. வலது ஈறு உள்ளே சாய்ந்திருந்தது. கணவனுக்கும் அதே சாய்வுதான். அச்சோடு வந்த சீட்டில் பெயரைப் பார்த்தாள். அவனுடைய அண்ணன்.

வேறு ஆளிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தானே எடுத்துக்கொண்டாள். மெழுகில் பல் பதித்துப் போட்டுப் பார்க்கும் நாளில், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தானும் போனாள். அவளைக் கண்டதும் பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். செட்டு வாயில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

“ரெண்டு வருஷமா வீட்டுல நான் வாசிக்கிறதில்லம்மா. வார்த்தையெல்லாம் காத்தாப் போகுது.”

“இந்த வருஷம் எங்க வீட்டுல வந்து வாசிங்க அத்தான். அங்க மூத்தவங்கன்னு யாரும் இல்ல.”

அவர் செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வரமாட்டார் என்றே நினைத்தாள்.

கிறிஸ்துமஸ் காலையில் மனைவியோடு வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து மேய்ப்பர்களையும் ராஜாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிளாஸ்டர் மேய்ப்பர்களை எடுக்க மகள் சம்மதிக்கவில்லை. குடிலில் நிற்க இடமில்லாத கூட்டம். பிளாஸ்டர் மேய்ப்பர் ஒருவரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த பெரியவர், “இந்த மூக்கு எந்த ஊரும்மா?” என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வாசிக்கும்போது ‘ச’ வந்த இடமெல்லாம் லேசாக விசில் அடித்தது. அவர் கூச்சத்தோடு நிறுத்தினார்.

“புதுசுல அப்படித்தான் அத்தான். பழகிடும், வாசிங்க.”

கடைசி வரி வரை வாசித்தார்.

சாப்பிட்டு எழுந்தபோது, குடிலை இனிப் பிரிப்பதில்லை, ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே என்று பேசி முடித்தார்கள். அன்றைய சண்டையை யாரும் கிளறவில்லை. பெரியவர் மட்டும் தம்பியின் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.