வழி தெரியவில்லை என்று சொன்ன நாள்

தனியாகப் பறக்கையில் வழி தவறினால் என்ன செய்வது என்பதைப் பயிற்சிப் பள்ளியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். பதறாதே, விமானத்தை நேராக வைத்திரு. உயரே ஏறு, தூரம் தெரியும், ரேடியோவும் எட்டும். எரிபொருளைப் பார். பிறகு வெட்கப்படாமல் உதவி கேள். நான் அதை அப்படியே நம்பினேன்.

அன்று தனியாகப் பறந்து ரேணிகுண்டாவில் இறங்கித் திரும்பும் பயிற்சி. சித்தூரில் மாங்கூழ் ஆலையில் வேலை பார்த்த நைனா, மகள் நான் இறங்குவதைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்து விமான நிலைய வேலியோரம் நின்றிருந்தார்.

வானம் மங்கலாக இருந்தது. என் விமானத்தின் திசைகாட்டும் கருவி பிசகுகிறது என்று முந்தின வாரமே பள்ளியில் சொல்லியிருந்தேன். யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. கீழே வந்திருக்க வேண்டிய ரயில் பாதை வரவில்லை. ஏரி, மாந்தோப்பு, கல்குவாரி, மறுபடி ஏரி. பிறந்து வளர்ந்த சீமையில் ஓர் ஊரும் அடையாளம் தெரியவில்லை. உயரே ஏறினேன். எரிபொருள் போதுமான அளவு இருந்தது. ரேடியோவில், எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை, உதவுங்கள் என்றேன்.

ரேடார் அறையில் இருந்தவர் நிதானமாகப் பேசினார். அவர் திரையில் நான் தெரிந்ததும் திரும்ப வேண்டிய திசையைச் சொன்னார். சற்று நேரத்தில் நாயுடுபேட்டை நெடுஞ்சாலை தென்பட்டது, பிறகு ஓடுதளம். ஒரு கீறலும் இல்லாமல் இறங்கினேன்.

விமானத்தை விட்டு வெளியே வந்ததும் தலைமைப் பயிற்சியாளர் போனில் கத்தினார்.

“ரேடியோல ஊருக்கே சொல்லச் சொல்லி யாரு கேட்டது? ஹைவேயப் புடிச்சு வந்திருக்கலாம்ல? இப்ப விசாரணைன்னு என் தலையில விடியுது.”

விசாரணையில் கருவி சரியாக இருந்தது என்று பள்ளி எழுதிக்கொடுத்தது. மாணவி பயந்துவிட்டாள் என்றும் எழுதியது. தனியாகப் பறக்க எனக்குத் தடை போட்டார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே என்னை உட்காரவைத்தார்கள். கடைசியில் நைனாவே நேரில் வந்தார்.

“வழி தெரியலன்னா கேக்கறது தப்பா சார்? நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான செஞ்சிக்குது பொண்ணு?”

பயிற்சியாளர் அவரை உட்காரச் சொல்லவில்லை. கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த நைனா, “பெட்டிய எடும்மா, வூட்டுக்குப் போலாம்” என்றார்.

இப்போது ரேணிகுண்டாவில், பயணிகளின் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் கவுண்டரில் வேலை செய்கிறேன். போன மாதம் என்னோடு பயிற்சி பெற்ற ஒருவன் விமானி உடையில் அந்தப் பக்கம் வந்தான். என்னைக் கண்டதும் நின்றான்.

“நானும் ஒருவாட்டி தொலைஞ்சு போனேன். யார்கிட்டயும் மூச்சு விடல. நீயும் பேசாம இருந்திருக்கலாம்.”

“இத்தினி பேர ஏத்திக்கினு போறியே, இப்பவும் பேசாமத்தான் இருப்பியா?”

அவன் முகம் சுருங்கியது. கடிகாரத்தைப் பார்த்தான். நேரமாகிறது என்று சொல்லிவிட்டு விமானத்தை நோக்கி நடந்தான். வரிசையில் அடுத்து நின்றவர் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார்.