காளியப்பன் போட்ட சுடுதண்ணீர்க் குழாய்

வெள்ளக்கடை என்கிற எங்கள் மலைக் கிராமத்தில் எனக்குப் பக்கத்து வீடு காளியப்பன். தம்பி முறை ஆக வேண்டும். எஸ்டேட்டில் குழாய் வேலை. மேலே ஊற்றில் ஆரம்பித்துச் சரிவு வாட்டம் பார்த்துக் குழாயை இறக்கினான் என்றால், மோட்டார் இல்லாமலே நாற்றங்காலில் தண்ணீர் வந்து கொட்டும். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பான்.

அவன் பெண்சாதி மருதாயி காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள். எண்பத்து மூன்றாம் வருஷம் முடக்குவாதம் வந்து கைவிரல் எல்லாம் கோணிக்கொண்டது. மார்கழிக் குளிரில் சுடுதண்ணீர் ஊற்றினால்தான் உடம்பு அசையும். ஒருநாள் அண்டாவைத் தூக்கப் போய்த் தொடையில் கொட்டிக்கொண்டாள். அதிலிருந்து நான் போய்த்தான் ஊற்றிவிடுவேன்.

“குளிக்கறதுக்குக்கூட ஆளக் கூப்புடோணும்னா நொம்பக் கேவலமா இருக்குதுங்க்கா” என்று ஒருநாள் அழுதாள். அது காளியப்பன் காதில் விழுந்துவிட்டது.

எஸ்டேட் பங்களாவில் அடுப்புக்குள்ளே குழாய் போகும். குளியலறையில் திறந்தால் சுடுதண்ணீர் வரும். அதையே தன் வீட்டில் செய்யக் கிளம்பினான். பழைய இரும்புக் குழாயும் மூடி போட்ட டிரம்மும் சேலத்திலிருந்து பஸ் மேலே ஏறி வந்தன. குழாயை வளைத்து அடுப்புக்குள் பதித்தான். வீடு சரிவில் இருக்கிறது, குளிக்கிற மறைப்பு அடுப்படிக்குக் கீழே. டிரம்மை அங்கே வைத்து, ஊற்றுத் தண்ணீரை அதில் இணைத்து, அடுப்பிலிருந்து அழகாக வாட்டம் கொடுத்துக் குழாயை இறக்கினான்.

அடுப்பை மூட்டியதும் குழாய் தடதடவென்று அடித்துக்கொண்டது. டிரம்மில் தண்ணீர் சில்லென்று கிடந்தது. வாட்டம் போதவில்லை என்று டிரம்மை இன்னும் கீழே இறக்கினான், மகாராசன்!

பங்களா சமையல்காரர் ஜேசுதாஸ் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏப்பா, பொகைய யாராச்சும் கீழ எறக்குவாங்களா? சூடான தண்ணியும் மேலதான் ஏறும். பங்களாவுல டிரம்மு அடுப்புக்கு மேல இருக்குதே, பாத்ததில்லையா?”

“என்னை எங்கீங்க உள்ள உட்டாங்க? வெளிக் குழாயத்தான் பாத்திருக்கறன்” என்றான் காளியப்பன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும் கழற்றினான். சுவரோரம் கல்தூண் நிறுத்தி டிரம்மை அடுப்புக்கு மேலே ஏற்றினான். அடுப்புக் குழாய் இப்போது மேல்நோக்கி ஏறியது. மறைப்புக்குத் தனிக் குழாய் இறக்கி, முனையில் திறந்து மூடச் சொட்டு ஒழுகாத பித்தளைத் திருகு வைத்தான்.

மறுநாள் காலையில் எங்களைக் கூப்பிட்டுத் திருகைத் திறந்தான். ஆவி பறக்கத் தண்ணீர் விழுந்தது. மூடினான்.

“இனி நீயே தொறந்துக்கலாம், மருதாயி. யாரையும் கூப்புட வேண்டாம்.”

அவள் குழாயடியில் உட்கார்ந்து திருகில் கை வைத்தாள். விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள், வழுக்கியது.

“ஏனுங்க, திரும்ப மாட்டேங்குதுங்களே.”

அவன் ஸ்பேனரால் தளர்த்தினான். தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது, அவள் கைக்கு மட்டும் திருகு அசையவில்லை. திருகில் ஒரு குச்சியைப் பிடிபோல வைத்துக் கட்டினான். முழங்கையால் தள்ளித் திறந்துவிட்டாள், மூட முடியவில்லை. டிரம்மில் பாதி தரையில் ஓடிப் போனது. காளியப்பன் திருகை மூடிவிட்டு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். யாரைத் திட்டுவதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

“நேரமாச்சுங்க, வேலைக்குப் போங்க” என்று மருதாயி அவனை அனுப்பினாள். அவன் தலை மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, கொஞ்சம் தொறந்து உடுங்க.”

திறந்துவிட்டேன். தண்ணீர் நல்ல சூடாகத்தான் வந்தது.