தூரத்துச் சரக்கு முன்னால்

அன்று காலை நான் முதலில் செய்த காரியம், மண்டியின் பின்கட்டில் அடுக்கியிருந்த எலுமிச்சைக் கூடைகளுக்குள் கைவிட்டு ஈரம் பார்த்தது. சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் பழ மண்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இதுதான் முதல் வேலை. மூன்றாவது கூடையில் கை இருக்கும்போது, ரயிலடியில் சுமை தூக்குவோரின் மேஸ்திரி பேச்சிமுத்து வாசலில் வந்து நின்றார். வழக்கமாகத் தெருவிலிருந்தே, "அக்கா, வண்டி பூட்டலாமா?" என்று குரல் கொடுப்பவர், அன்று தலைத்துண்டைக் கையில் வைத்திருந்தார்.

"நம்ம கூட்ஸ் அண்ணாச்சி போயிட்டாவ அக்கா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு எந்திரிச்சாவளாம். தண்ணி கொண்டுவாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

கூடைக்குள் இருந்த கையை எடுக்காமலே நான் கேட்டது எனக்கே விசித்திரமாக இருந்தது. "இன்னைக்கு வேகன் ஏத்துறது யாரு?"

பேச்சிமுத்து தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி இருந்தாலும் அதைத்தான் மொதல்ல கேப்பாவ" என்றார்.

தென்காசி ரயில் நிலையத்தில் கூட்ஸ் கிளார்க்காக இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றிய சங்கரலிங்கம் அவர்களை இந்த மலரை வெளியிடும் வாசகசாலையின் உறுப்பினர்கள் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களும் அவரால் பயன் பெற்றவர்கள்தாம். உங்கள் வீட்டுக்கு அரிசியோ மிளகாயோ புளியோ உரிய நாளில், நசுங்காமல் வந்து சேர்ந்திருந்தால் அதில் அவருடைய யோசனைக்கும் ஒரு பங்கு உண்டு.

அவர் வாசுதேவநல்லூர்க்காரர். விருதுநகர்ப் பாதை திறந்த புதிதில் இங்கே மாற்றலாகி வந்தார். அதுவரை செங்கோட்டைப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் மட்டுமே சரக்கு போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது பாதையும் சேர்ந்தவுடன், சரக்கு ஏற்றும் கூட்ஸ் ஷெட்டு வாசலில் வண்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. நான் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பை முடித்து, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, அப்பாவின் மண்டியில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடைகளில் கட்டும் ஊர்ச்சீட்டுகளும் என் கையெழுத்துதான். ஆகையால் அங்கே நடந்த கூத்து எனக்கு நன்றாகத் தெரியும்.

ஷெட்டுக்குப் போகும் பாதையில் உள்ள கிணற்றை வெட்டியவர் என் தாத்தா. அந்த உரிமையில் எங்கள் வண்டிதான் முதலில் நிற்கும். மற்ற வீட்டு வண்டிகள், கோயிலில் யாருக்கு எத்தனையாவது மரியாதையோ அந்த வரிசையில் பின்னால் நிற்கும். எந்த ஊருக்குப் போகும் சரக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. முதலில் நிற்பது முதலில் ஏறும்.

ஒரே வேகனில் பல ஊர்களுக்கான சில்லறைச் சரக்கு ஏறும்போது இதனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் மாம்பழக் கூடைகள் சங்கரன்கோவிலில் இறங்கவேண்டியவை. மரியாதை காரணமாக அவை முதலில் ஏறி வேகனின் ஆழத்துக்குப் போய்விடும். அவற்றின் முன்னாலும் மேலும் விருதுநகருக்குப் போகும் நெல் மூட்டைகள் சுவர் எழுப்பியதுபோல அடுக்கப்படும்.

அண்ணாச்சி வந்த முதல் மாதமே எங்கள் மண்டிக்கு வந்தார். அப்பா நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"மொதலாளி, தூரத்துச் சரக்கு முன்னால ஏறணும். பக்கத்து ஊர்ச் சரக்கு கடைசில ஏறணும். அப்பதான் கதவைத் தொறந்ததும் கைக்கு வரும். உங்க வண்டி விருதுநகர் நெல் வண்டி மூணுக்கும் பின்னால நாலாவதா நின்னா போதும்."

"எங்க அய்யா வெட்டுன கிணத்துல தண்ணி குடிக்குத மாடெல்லாம் எங்களுக்கு முன்னால நிக்கணுமோ? நல்லாருக்கு வே உம்ம நியாயம்."

"ஏறுததுல என்ன மொதலாளி மரியாதை இருக்கு? இறங்குததுல பாருங்க."

"நீரு வந்து ஒரு மாசம் ஆவலை. எனக்கு மரியாதை சொல்லித் தாரீரோ?"

அண்ணாச்சி விவாதிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, கூடை எல்லாம் முழுசா இறங்குதான்னு அங்க உள்ள கடைக்காரருக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டேன். பல நாள் கூடைகள் இறங்காமலே விருதுநகர் போய் அழுகித் திரும்புகின்றன என்று வந்த பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைக்காரன் பொய் சொல்கிறான் என்றார். மறுவாரம், எங்கள் கூடைகள் போகும் கூட்ஸ் வண்டிக்கு முன்பே பாசஞ்சர் ரயிலில் சங்கரன்கோவில் போய்க் காத்திருந்தார். கூட்ஸ் வண்டி வந்தது. கதவைத் திறந்தார்கள். முன்னால் நெல் மூட்டைகள். அவற்றை எல்லாம் இறக்கி, கூடைகளை எடுத்து, மூட்டைகளை மறுபடி ஏற்ற அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கதவை மூடினார்கள். அப்பா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருக்க, அவருடைய மாம்பழம் விருதுநகருக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கூடையை அவிழ்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வாடையே சொல்லிவிட்டது.

அடுத்த நாள் எங்கள் வண்டி நாலாவதாக நின்றது. அதைப் பார்த்து மற்ற வீட்டார் ஒவ்வொருவராக இடம் மாறினார்கள். அண்ணாச்சி வெற்றி பெற்றவரைப் போல நடந்துகொள்ளவில்லை. வண்டிகள் வந்து சேர்ந்ததும் முதல் தொட்டித் தண்ணீர் எங்கள் மாடுகளுக்கு என்று ஒரு வழக்கத்தை அவராகவே ஏற்படுத்தினார். "மரியாதையைக் குறைக்கலை மொதலாளி. மாட்டுக்கு மாத்தியிருக்கேன்" என்றார். அப்பா சிரித்ததை அன்றுதான் ஷெட்டில் உள்ளவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

பிறகு கொம்புத் துணி வந்தது. செங்கோட்டைப் பக்கம் போகும் சரக்கென்றால் மாட்டின் கொம்பில் பச்சைத் துணி, திருநெல்வேலிக்கு மஞ்சள், விருதுநகர்ப் பாதைக்குச் சிவப்பு. எழுத்துத் தெரியாத சுமைகாரரும் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தப் பக்கம் விடவேண்டும் என்று கைகாட்டிவிடுவார். துணிகள் எல்லாம் அவருடைய மனைவி காந்திமதி மதினியின் பழைய சேலைகள். "எனக்குப் புதுச்சேலை எடுத்துத் தரணும்னா ஊர் மாட்டுக்கெல்லாம் துணி தீரணும் போல" என்று மதினி கேலி செய்வார்கள்.

ஒருமுறை மேலதிகாரி ஒருவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த ஏற்பாட்டை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டாராம். அண்ணாச்சி, "எங்க வீட்டுல பெட்டி அடுக்குததைப் பார்த்தேன் சார். பிள்ளைக்கு வழியில வேணுங்கிறதை மேலே வைப்பா" என்றாராம். வந்த பாராட்டில் மனைவியின் பங்கை மறைக்காதவர் அவர்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் ஊதும் சத்தம் கேட்டால் எதிரில் இருப்பவரை மறந்துவிடுவார். என் மகளின் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எழுந்து போய், பந்தி முடியும் சமயம் வந்தார். குற்றாலத்துக்குக் கூட்டிப் போனாலும் அதே கதைதான். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். அருவிக்கரையில் ஒரே தள்ளுமுள்ளு. அண்ணாச்சி உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்று, "குளிச்சவங்க மொதல்ல வெளிய வரட்டும்யா. இடம் காலியானாத்தான உள்ள போவ முடியும்" என்று வழி பிரித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத மனிதர்கள் அவர் சொன்னபடி நின்றார்கள்.

"இங்கனயும் கூட்ஸ் ஷெட்டுதானா?" என்றார்கள் மதினி.

"எல்லாரும் குளிச்சாச்சுல்லா" என்றார் அண்ணாச்சி. அவர் மட்டும் அன்று குளிக்கவில்லை. எண்ணெய்த் தலையோடு ஊர் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

உலகச் சண்டைக் காலத்தில் வேகன் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தபோது அவருடைய அருமை எல்லாருக்கும் விளங்கிற்று. வந்த வேகன் சரக்குக்காக இங்கே காத்து நின்றதில்லை என்பதால் மறுபடியும் எங்களுக்கு வேகன் அனுப்பினார்கள். "வேகனும் விருந்தாளி மாதிரிதான் தங்கச்சி. காக்கவச்சா மறுபடி வராது" என்பார்.

அப்பா காலமான பிறகு மண்டி எனக்கும் என் தம்பி கணபதிக்கும் பொதுவாயிற்று. கணபதி நல்லவன், உழைப்பாளி. அண்ணாச்சியின் உடலை எடுத்துச் சென்ற பிறகு, அந்த வீட்டு வாசலில் வைத்தே என்னிடம் மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, திங்கக்கிழமை புது கிளார்க் வாராரு. அவருக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது. அன்னைக்கு நம்ம வண்டி மொதல்ல நின்னா, அதான் வழக்கம்னு நெனைச்சுக்கிடுவாரு. அண்ணாச்சி முகத்துக்காக இத்தனை நாள் பொறுத்தாச்சு."

"அப்பா விட்டுக்கொடுத்தது அது" என்றேன்.

"அப்பா விட்டுக்கொடுத்தாவ. நான் கொடுக்கலையே."

பக்கத்தில் நின்ற இன்னொரு மண்டிக்காரர், "அப்ப உங்க பின்னால எங்க வண்டிதான் தம்பி, மறந்திராத" என்று சிரித்தார். அவ்வளவுதான். ஒரு வண்டி இடம் மாறினால் இருபது ஆண்டு உழைப்பு ஒரே காலையில் கலைந்துவிடும் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. தெருவைத் திரும்பிப் பார்த்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களின் வண்டிகள் தெரு நெடுக நின்றிருந்தன. யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. ஆனாலும் வாசுதேவநல்லூர் வண்டிகள் தெருமுனையிலும், அடுத்து ஆலங்குளத்து வண்டிகளும், கடைசியில் உள்ளூர் வண்டிகளும் நின்றன. தூரம் போகவேண்டியவர்கள் முதலில் புறப்பட்டுப் போனார்கள். ஒரு வண்டியும் இன்னொரு வண்டிக்காக நகரவேண்டி இருக்கவில்லை. எங்கள் வண்டி கடைசிக்கு முந்தியது. அதை அங்கே நிறுத்தியவன் கணபதி. அவன் அதைக் கவனிக்கவில்லை.

போய் வாருங்கள், அண்ணாச்சி. உங்கள் வழியில் யாரும் குறுக்கே நிற்கவில்லை.

இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது திங்கட்கிழமை கடந்திருக்கும். ஆகையால் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுவதில் தடையில்லை. அன்று காலை கணபதி எழுந்திருக்கும் முன் நானே வண்டியைப் பூட்டச் சொல்லி ஏறிக்கொள்வேன். சரக்கு சங்கரன்கோவிலுக்கு. மதினி கொடுத்த சிவப்புத் துணியைக் கொம்பில் கட்டி, விருதுநகர் நெல் வண்டிகள் வந்து சேரும்வரை கிணற்றடியில் காத்திருந்து, அவற்றுக்குப் பின்னால் நாலாவதாக நிறுத்துவேன்.